'என்னது, இதைப் பொண்ணுகூடத் திறக்கலாமா?': 1950-கள் விளம்பரங்கள் பெண்களை ஏன் இப்படிக் காட்டின?

ஒரு தக்காளி கெட்சப் பாட்டில். அதைக் கையில் பிடித்தபடி, சிவப்பு லிப்ஸ்டிக் போட்ட ஒரு பெண் கண்கள் விரிய ஆச்சரியப்படுகிறார். மேலே பெரிய எழுத்தில் ஒரு கேள்வி: 'என்னது, இதைப் பொண்ணுகூடத் திறக்கலாமா?' அதிலும் 'பொண்ணு' என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு!

இது 1953-ல் அமெரிக்காவில் வந்த விளம்பரம். கொடுத்தது ஆல்கோவா என்ற அலுமினியம் நிறுவனம். புது மாதிரி பாட்டில் மூடி ஒன்றை விற்க வந்த விளம்பரம். கத்தி வேண்டாம், ஓப்பனர் வேண்டாம், கணவர்கூட வேண்டாம், அவ்வளவு சுலபமாகத் திறக்கலாம் என்று கீழே விளக்கம் வேறு.

இந்தப் படம் இன்றைக்கும் சமூக வலைதளங்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பார்த்தவுடன் சிரிப்பு வரும். ஆனால் சிரித்துவிட்டுக் கடந்துபோகிற விஷயமா இது? இந்த விளம்பரங்கள் எப்படி உருவாயின, யார் உருவாக்கினார்கள், உண்மையில் அன்றைய பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள், பிறகு என்ன மாறியது? விரிவாகப் பார்க்கலாம்.

அப்படி என்னதான் காட்டினார்கள்?

அந்தக் காலகட்டத்தின் சில பிரபலமான விளம்பரங்கள்:

• 1951, வான் ஹூசன் டை: சட்டையும் டையும் போட்டுக்கொண்டு கணவர் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். மனைவி தரையில் மண்டியிட்டுக் காலை உணவுத் தட்டை நீட்டுகிறார். 'இது ஆண்களின் உலகம் என்று அவளுக்குக் காட்டு' என்பதுதான் வாசகம்.

• 1952, ஷ்லிட்ஸ் பீர்: சமையல் கருகிப்போய் மனைவி அழுகிறார். கணவர் தேற்றுகிறார், 'பரவாயில்லை, பீரையாவது நீ கருக்கவில்லையே!'

• 1952, சேஸ் அண்ட் சான்பார்ன் காபி: புதுசா இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்காமல் காபித்தூள் வாங்கிவிட்டாராம். அதற்காகக் கணவர் மனைவியை மடியில் கவிழ்த்துப்போட்டு அடிக்கக் கை ஓங்குகிறார். இது நகைச்சுவையாம்!

• ஹூவர் வேக்யூம் கிளீனர்: கிறிஸ்துமஸ் காலையில் மனைவி மிகவும் சந்தோஷப்படப்போவது இந்தப் பரிசைப் பார்த்துத்தான் என்றது 1950-களின் விளம்பரம். வீட்டைப் பெருக்கும் கருவிதான் அவருக்குப் பண்டிகைப் பரிசு.

இந்த நான்கும் கொஞ்சம் அதிகப்படியானவை. மற்ற பெரும்பாலான விளம்பரங்கள் இவ்வளவு பச்சையாக இருக்காது. இஸ்திரி போட்ட கவுன், ஹீல்ஸ், கழுத்தில் முத்துமாலை, கையில் துடைக்கிற துணி, முகத்தில் மாறாத புன்னகை. ஃபிரிட்ஜைத் திறந்தாலும் சிரிப்பு, தரையைத் துடைத்தாலும் சிரிப்பு. அடிப்பதுபோலக் காட்டிய விளம்பரத்தைவிட, இந்த அமைதியான சிரிப்புதான் அதிக வேலை செய்தது என்பது பின்னாளில் வந்த விமர்சனம்.

போருக்கு முன், போருக்குப் பின்

இரண்டாம் உலகப்போர் நேரத்தில் அமெரிக்க ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். விமானம், கப்பல், குண்டு செய்யும் ஆலைகளுக்குப் பெண்கள் வந்தார்கள். அப்போது அரசும் விளம்பர நிறுவனங்களும் சேர்ந்து 'நாட்டுக்காக வேலைக்கு வாருங்கள்' என்றுதான் பெண்களிடம் சொல்லின. கட்டுமஸ்தான கையோடு சாண்ட்விச் சாப்பிடும் 'ரோஸி' என்ற ஆலைத் தொழிலாளியை ஓவியர் நார்மன் ராக்வெல் வரைந்தார். 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' பத்திரிகையின் 1943 மே 29 இதழில் அது அட்டைப்படமாக வந்தது.

1945-ல் போர் முடிந்தது. ஆண்கள் திரும்பி வந்தார்கள். ஆயுதம் செய்த ஆலைகள் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்ய ஆரம்பித்தன. அதையெல்லாம் யாராவது வாங்க வேண்டுமே?

1947-ல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் லெவிட்டவுன் என்ற குடியிருப்பு உருவானது. ஒரே அச்சில் வார்த்ததுபோல 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள். வாஷிங் மெஷின் வீட்டோடேயே வந்தது. 1950 மாடல் வீட்டில் டிவியும் சேர்ந்தே வந்தது. ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: கறுப்பினத்தவருக்கு அங்கே வீடு விற்கப்படவில்லை. விளம்பரத்தில் வந்த 'அமெரிக்க இல்லத்தரசி' வெள்ளைக்காரப் பெண்ணாகவே இருந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

டிவியும் வேகமாகப் பரவியது. 1950-ல் அமெரிக்காவில் பத்து வீட்டில் ஒரு வீட்டில்தான் டிவி. 1960-க்குள் பத்துக்கு ஒன்பது வீட்டில் வந்துவிட்டது. பகல் நேரத்தில் வீட்டில் இருக்கும் பெண்களைக் குறிவைத்து சோப்பு நிறுவனங்கள் தொடர்களுக்குப் பணம் போட்டன. முதலில் ரேடியோவில், பிறகு டிவியில். நாம் இன்றும் சொல்லும் 'சோப் ஓபரா' என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

மனசைப் படித்து விற்றவர்கள்

இதில் முக்கியமான ஒரு பெயர் எர்னஸ்ட் டிக்டர். 1907-ல் வியன்னாவில் பிறந்த உளவியலாளர். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 'ஒரு பொருளை ஏன் வாங்குகிறோம் என்பதற்கு மக்கள் சொல்லும் காரணம் வேறு, மனசுக்குள் இருக்கும் காரணம் வேறு' என்ற அடிப்படையில் நிறுவனங்களுக்கு ஆலோசனை சொன்னார். பெண்களை உட்காரவைத்து மணிக்கணக்கில் பேசவிட்டுப் பதிவு செய்வது இவருடைய பாணி.

பத்திரிகையாளர் பெட்டி ஃப்ரீடன் பின்னாளில் இந்த மாதிரி ஆய்வுக் கோப்புகளைப் படித்தார். தன் புத்தகத்தில் ஓர் அத்தியாயமே அதற்காக ஒதுக்கினார். அவர் விவரிக்கும் 1945 ஆய்வு ஒன்று பெண்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது: வீட்டு வேலையே உலகம் என்று இருப்பவர்கள், வேலைக்குப் போக விரும்புபவர்கள், இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள். இதில் வேலைக்குப் போக விரும்பும் பெண் வியாபாரத்துக்கு ஆகாதவர். ஏனென்றால், அவர் விளம்பரத்தைக் கேள்வி கேட்பார். நடுவில் இருப்பவர்தான் நல்ல வாடிக்கையாளர். எனவே அந்த வகைப் பெண்கள் பெருகுவதுதான் நிறுவனங்களுக்கு லாபம்.

இன்னொரு உத்தி: துணிக்கு ஒரு சோப்பு, பாத்திரத்துக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று, தரைக்கு ஒன்று. இப்படிப் பிரித்துக் கொடுத்தால் வீட்டு வேலை செய்பவர் தன்னை நிபுணராக உணர்வார் என்றது ஆய்வு. நிபுணர் என்ற பெருமை அவருக்கு. நான்கு டப்பா விற்ற காசு நிறுவனத்துக்கு.

இல்லாத பெண்ணுக்கு வந்த கடிதங்கள்

பெட்டி குரோக்கர் கதை சுவாரஸ்யமானது. 1921-ல் ஒரு மாவு நிறுவனத்துக்குச் சமையல் சந்தேகம் கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. பதில் கடிதத்தில் கையெழுத்துப் போட ஒரு பெண் பெயர் வேண்டும் என்று நிறுவனம் உருவாக்கிய கற்பனைப் பெயர்தான் பெட்டி குரோக்கர். பிறகு அவருக்கு ரேடியோ குரல் கிடைத்தது. 1936-ல் முகமும் வரையப்பட்டது. 1945-ல் 'ஃபார்ச்சூன்' பத்திரிகை அமெரிக்காவின் பிரபலமான பெண்கள் வரிசையில் அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அடுத்த இடத்தில் இவரைச் சொன்னது. பிறக்கவே பிறக்காத ஒரு பெண்!

சமையலறை நாற்காலியில் தனியாக உட்கார்ந்து, முகம் தெரியாத பெட்டிக்குக் கடிதம் எழுதிய லட்சக்கணக்கான பெண்கள் நிஜம். யாரிடமாவது பேச வேண்டும் என்ற அவர்களுடைய தேவையும் நிஜம்.

இதோடு சேர்த்து ஒரு கதை அடிக்கடி சொல்லப்படும். 'ரெடிமேட் கேக் மாவு விற்கவில்லை. சுலபமாகச் செய்வது பெண்களுக்குக் குற்ற உணர்வைத் தந்தது. ஒரு முட்டையை நீங்களே உடைத்து ஊற்றுங்கள் என்று டிக்டர் மாற்றச் சொன்னார். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.' மார்க்கெட்டிங் வகுப்புகளில் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் முழு உண்மை இல்லை. முட்டை சேர்க்கும் கேக் மாவுக்கு டஃப் என்ற நிறுவனம் 1930-களிலேயே காப்புரிமை வாங்கிவிட்டது. முட்டைப் பொடியைவிட நிஜ முட்டை ஊற்றினால் கேக் ருசியாக வரும் என்பதும் எளிய காரணம். முட்டை வந்த பிறகும் 1950-களின் பிற்பாதியில் விற்பனை மந்தமானது.

சிரிக்க முடியாத விளம்பரம்

டையும் கெட்சப்பும் மனசைத்தான் காயப்படுத்தின. உடம்பையே காயப்படுத்திய விளம்பரமும் இருந்தது.

இன்று தரையையும் கழிப்பறையையும் சுத்தம் செய்யும் பொருளாகத் தெரிந்த லைசால், 1920-கள் முதல் 1950-கள் வரை 'பெண்களின் அந்தரங்கச் சுகாதாரத்துக்கு' என்று அமெரிக்கப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்யப்பட்டது. விளம்பரத்தின் கதை எப்போதும் ஒன்றுதான்: கணவர் விலகிப்போகிறார், மனைவி கண்ணீர் விடுகிறார், தப்பு அவர் மேல்தான், அவர் 'சுத்தத்தைக்' கவனிக்கவில்லை.

அந்த 'சுகாதாரம்' என்ற சொல்லுக்கு உள்ளே இன்னொரு அர்த்தம் இருந்தது. கருத்தடைப் பொருட்களையும் அதுபற்றிய தகவலையும் தபாலில் அனுப்புவதை 1873-ல் வந்த காம்ஸ்டாக் சட்டம் தடை செய்திருந்தது. எனவே கருத்தடை என்று வெளிப்படையாகச் சொல்லாமல், 'சுகாதாரம்' என்ற பெயரில் விற்றார்கள். வாங்கிய பெண்களுக்கு அர்த்தம் புரிந்தது. ஆனால் பலன்? எரிச்சல், கொப்புளம், விஷபாதிப்பு, சில மரணங்கள்கூடப் பதிவாகின. கருத்தடையாகவும் அது வேலை செய்யவில்லை. 1933-ல் நியூவார்க் நகரில் லைசால் பயன்படுத்திய பெண்களிடம் நடந்த ஆய்வில் சுமார் பாதிப்பேர் கர்ப்பமாகியிருந்தார்கள்.

நேராகக் கேள்வி கேட்க வழியில்லாத ஒரு காலம், பயத்தை விதைக்கும் ஒரு விளம்பரம். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே சாட்சி. கருத்தடை மாத்திரைக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் கொடுத்தது 1960-ல்தான்.

அப்போ, நிஜத்தில் பெண்கள் எப்படி இருந்தார்கள்?

விளம்பரத்தில் எல்லாப் பெண்களும் வீட்டில் இருந்தார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 1950-ல் அமெரிக்கப் பெண்களில் சுமார் 34 சதவீதம் பேர் உழைப்புச் சந்தையில் இருந்தார்கள். 1960-ல் அது சுமார் 38 சதவீதம். அதாவது, 'வீடே சொர்க்கம்' என்று பத்திரிகைகள் சொல்லிக்கொண்டிருந்த அதே பத்து வருடத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் கூடிக்கொண்டே போனார்கள். தவணையில் வாங்கிய ஃபிரிட்ஜுக்குப் பணம் கட்ட வேண்டும் இல்லையா?

கறுப்பினப் பெண்கள் இந்த விளம்பரங்களில் கிட்டத்தட்ட இல்லை. வந்தாலும் 'ஆன்ட் ஜெமைமா' மாதிரி, அடுத்தவர் வீட்டில் சமைத்துப்போடும் வேலைக்காரராகத்தான் வந்தார்கள். 1889-ல் தொடங்கிய அந்தப் பிராண்டின் பெயரும் படமும் நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது 2020-ல்.

சரி, மெஷின் வந்ததால் வேலையாவது குறைந்ததா? இங்கேதான் பெரிய ஆச்சரியம். ஜோன் வானெக் என்ற ஆய்வாளர் 1974-ல் வெளியிட்ட கணக்குப்படி, வேலைக்குப் போகாத அமெரிக்கப் பெண்கள் 1920-களில் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள். 1960-களில் சுமார் 55 மணி நேரம். குறையவே இல்லை!

காரணத்தை வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் விளக்கினார். வாஷிங் மெஷின் வந்ததும் துணியை அடிக்கடி மாற்றும் பழக்கம் வந்தது. முன்பு சலவைக்காரரிடம் போன துணியும் வீட்டுக்கே திரும்பியது. வேக்யூம் கிளீனர் வந்ததும் 'சுத்தம்' என்பதற்கான அளவுகோல் ஏறியது. முன்பு கணவரும் பிள்ளைகளும் பகிர்ந்துகொண்ட வேலைகளும் ஒருவர் தலையில் வந்து சேர்ந்தன. மெஷின் கூலி ஆட்களைத்தான் குறைத்தது, வீட்டுக்காரியின் நேரத்தைக் குறைக்கவில்லை.

சமையலறையில் நடந்த பனிப்போர்

இந்த 'சந்தோஷ இல்லத்தரசி' பிம்பம் உலக அரசியலிலும் நுழைந்தது. 1959 ஜூலை 24 அன்று மாஸ்கோவில் அமெரிக்கக் கண்காட்சி. அங்கே வைத்திருந்த மஞ்சள் நிற மாதிரிச் சமையலறை முன்னால் அமெரிக்கத் துணை அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் குருஷேவும் வாக்குவாதம் செய்தார்கள். எங்கள் பெண்களின் வாழ்க்கையை இந்த மெஷின்கள் சுலபமாக்குகின்றன என்றார் நிக்சன். பெண்களைப் பற்றிய முதலாளித்துவப் பார்வை எங்களிடம் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார் குருஷேவ். இரண்டு ஆண்கள், ஒரு வாஷிங் மெஷின். அதில் துணி துவைக்கப் போகிறவரிடம் யாரும் கேட்கவில்லை.

எப்போது உடைந்தது?

• 1963: பெட்டி ஃப்ரீடனின் 'தி ஃபெமினின் மிஸ்டிக்' புத்தகம் வந்தது. எல்லாம் இருந்தும் ஏதோ குறைகிறது என்று தவித்த பெண்களின் மனநிலைக்கு அது வார்த்தை கொடுத்தது. வெள்ளைக்கார நடுத்தர வர்க்கப் பெண்களை மட்டுமே பேசுகிறது என்ற விமர்சனமும் அந்தப் புத்தகத்தின் மேல் உண்டு.

• 1968: 'ஆண்களுக்கான வேலை', 'பெண்களுக்கான வேலை' என்று தனித்தனிப் பத்தியில் வேலைவாய்ப்பு விளம்பரம் போடுவதை 'நியூயார்க் டைம்ஸ்' நிறுத்தியது. 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இப்படிப் பிரித்துப் போடுவதைத் தடுக்கும் உத்தரவு செல்லும் என்றது.

• 1970 மார்ச் 18: 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' பத்திரிகை அலுவலகத்துக்குள் நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் நுழைந்து 11 மணி நேரம் உட்கார்ந்து போராடினார்கள். பெண்களை இழிவுபடுத்தும் விளம்பரங்களை நிறுத்துவதும் கோரிக்கைகளில் ஒன்று. ஆகஸ்ட் இதழில் 8 பக்கம் அவர்களுக்கே ஒதுக்கப்பட்டது.

• 1974: கடன் வழங்குவதில் பாலினம், திருமண நிலை பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. யோசித்துப் பாருங்கள். 1950-களில் எல்லா விளம்பரமும் 'வாங்கு, வாங்கு' என்று பெண்ணிடம்தான் சொன்னது. ஆனால் அவர் தன் பெயரில் கடன் கேட்டால், கணவரின் கையெழுத்தைக் கேட்க முடிந்தது.

விளம்பர நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. எதிர்ப்பையே விற்பனைப் பொருளாக்கின. 1968-ல் வந்த வர்ஜினியா ஸ்லிம்ஸ், பெண் விடுதலையின் அடையாளமாக சிகரெட்டைக் காட்டியது!

இந்தத் துறையில் பெண்களே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1956-ல் கிளைரால் ஹேர் டை விளம்பரத்தை எழுதிப் புகழ்பெற்றவர் ஷெர்லி பாலிகாஃப். 1970-களின் தொடக்கத்தில் லோரியல் நிறுவனத்துக்கு, 'நான் அதற்குத் தகுதியானவள்' என்று ஒரு பெண்ணே தன்னைப் பற்றிச் சொல்லும் வாசகத்தை எழுதியவர் ஐலான் ஸ்பெக்ட். அப்போது அவருக்கு 23 வயது.

இந்தியாவில்?

அதே நிறுவனங்கள், அதே பொருட்கள் இங்கேயும் வந்தன. 1941-ல் நடிகை லீலா சிட்னிஸ் லக்ஸ் விளம்பரத்தில் வந்தார். 1959-ல் சர்ஃப் அறிமுகமானது. 1980-களில் அதே சர்ஃபுக்காக வந்த 'லலிதாஜி', கறாராகக் கணக்குப் பார்க்கும் குடும்பத் தலைவி. அமெரிக்க விளம்பரத்தின் அப்பாவிப் பெண்ணைப்போல அவர் இல்லை. ஆனாலும் துவைக்கும் வேலை அவருடையதுதான்.

சென்னையைச் சேர்ந்த டிடிகே குழுமத்தின் பிரெஸ்டீஜ் குக்கர் விளம்பரம் பலருக்கும் நினைவிருக்கும். மனைவியை நேசிக்கிற கணவர் இதை வேண்டாம் என்பாரா என்று இந்தியில் கேட்டது அது. ஹூவரின் கிறிஸ்துமஸ் பரிசு ஞாபகம் வருகிறதா?

பெண்களை இழிவாகச் சித்தரிப்பதைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் 1986-ல் வந்தது. இந்திய விளம்பரத் தர கவுன்சில் 2022 ஜூனில் பாலின முன்முடிவுகள் குறித்த வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதற்கு முன்பே, 2015-ல் ஏரியல் சோப்புத்தூள், 'துணி துவைப்பது பெண்களுக்கு மட்டும்தானா?' என்று விளம்பரத்திலேயே கேட்டது. பிரிட்டனில் 2019-ல் விதி வந்து, அந்த ஆகஸ்டிலேயே இரண்டு விளம்பரங்கள் தடை செய்யப்பட்டன. அதில் ஒன்று, குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாத அப்பாக்களைக் கிண்டல் செய்தது. ஆக, இந்தப் பிம்பம் ஆண்களையும் விடுவதில்லை.

ஃபார்வர்டு செய்யும் முன்...

'நல்ல மனைவிக்கான வழிகாட்டி, 1955' என்று ஒரு பக்கம் வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். கணவர் வரும்போது ரிப்பன் கட்டிக்கொள், அவரைக் கேள்வி கேட்காதே என்றெல்லாம் அதில் இருக்கும். அந்தப் பக்கத்தை அப்படியே நம்ப வேண்டாம். அதில் இருக்கும் படம் 'ஜான் புல்' என்ற வேறொரு பத்திரிகையின் அட்டை. எழுத்து பிறகு ஒட்டப்பட்டது. போலி எதற்கு, ஆல்கோவாவும் வான் ஹூசனும் நிஜமாகவே வெளிவந்தவை.

'அந்தக் காலத்துப் பொண்ணுங்க எவ்வளவு சந்தோஷமா வீட்டைப் பார்த்துக்கிட்டாங்க' என்று யாராவது இந்தப் படங்களைக் காட்டினால், ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சிரிப்பு மாடல்களுடையது. அதற்கு அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டது. வீட்டில் 55 மணி நேரம் வேலை செய்தவருக்குச் சம்பளம் இல்லை.

நம் நாட்டுக் கணக்கு? 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். விளம்பரங்களில் அப்பாக்கள் இப்போது துணி துவைக்க ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டில்?